வால் எலும்பு வலி: காற்று வளையம் வச்சு உட்கார்ந்தும் குறையலை

செல்லூர்_மகள்:
அம்மாவுக்கு 54 வயசு. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுற வேலை, நாளுக்கு ஆறேழு மணி நேரம் தரையில சம்மணம். மூணு மாசத்துக்கு முன்னாடி ஈரப் படியில வழுக்கி, உட்கார்ந்த வாக்குல விழுந்தாங்க. எக்ஸ்ரேயில முறிவு இல்லை. இப்பவும் உட்கார்ந்தா வலி, எந்திரிக்கும்போது சுள்ளுன்னு குத்துது. நடந்தா, படுத்தா ஒண்ணுமில்ல. காற்று வளையம் வாங்கிக் கொடுத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பிசியோ_திருமங்கலம்:
வளையம்தான் சரியில்லம்மா. அதோட பின் விளிம்பு வால் எலும்பு மேலேயே இடிக்கும். பின்பக்கம் திறந்த மெத்தை வேணும். ஃபோம் கடையில கெட்டியான ஃபோம், 18க்கு 16 அங்குலம், 3 அங்குல உயரம் வாங்கி, பின் விளிம்புல நடுவுல 4 அங்குல அகலம், 6 அங்குல நீளத்துக்கு லாடம் மாதிரி வெட்டச் சொல்லுங்க. பாரம் ரெண்டு பக்க இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் போயிடும், வால் எலும்பு எதையும் தொடாது. இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம், அமுங்கித் தரையில இடிச்சிடும்.

சம்மணத்துல முதுகு வளைஞ்சா பாரம் பின்னால சரியும். நாற்காலியில மெத்தையைப் போட்டு, துணியை மேசை மேல வச்சு, கொஞ்சம் முன்னால சாய்ஞ்சு முடிச்சுப் போடட்டும். 20, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிக்கணும். எந்திரிக்கும்போது முதல்ல உடம்பை முன்னால சாய்ச்சு, கையை ஊன்றி, அப்புறம் எழணும். அந்தக் குத்தல் நல்லாக் குறையும்.

எலும்பு_வார்டு:
மேலே சொன்னது சரி. இன்னொண்ணு மலச்சிக்கல். முக்கினா இடுப்புத் தள தசைகள் (சிறுநீர்ப்பை, மலக்குடலை அடியிலிருந்து தாங்குற தசைகள்) வால் எலும்பைப் பிடிச்சு இழுக்கும். தண்ணி, கீரை, ராத்திரி ரெண்டு சிறுமலை வாழைப்பழம், போதலைன்னா மலத்தை இளக்குற இசப்கோல் நார்த்தூள். ஐஸ் ஒத்தடம், அடிபட்ட முதல் ரெண்டு நாளைக்குத்தான். இப்போ வெந்நீர் ஒத்தடம், 15 நிமிஷம், நாளுக்கு ரெண்டு மூணு தடவை. வலி மாத்திரையை வாரக்கணக்குல தானா வாங்கிப் போட வேண்டாம், அல்சரும் சிறுநீரகக் கோளாறும் இருந்தா அறவே கூடாது. சுளுக்கு எடுக்கிறவங்ககிட்ட தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போகாதீங்க. இழுத்து அமுக்கினா வீங்கின மூட்டு இன்னும் ரணமாகும்.

செல்லூர்_மகள்:
ரொம்ப நன்றி ஐயா. பயிற்சி ஏதும் உண்டா? அப்பவும் குறையலைன்னா?

பிசியோ_திருமங்கலம்:
மல்லாக்கப் படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து 30 விநாடி. அப்புறம் ஒரு கணுக்காலை எதிர் முழங்கால் மேல வச்சு, கீழே இருக்கிற காலைத் தன் பக்கம் இழுத்து 30 விநாடி. பக்கத்துக்கு மூணு தடவை, காலை மாலை. இடுப்புத் தளத்தை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி இப்போ கூடாது; ஏற்கெனவே இறுகின தசை இன்னும் இறுகும். வயிறு தளர மூச்சிழுத்து மெதுவா விடறதுதான் வேணும்.

எலும்பு_வார்டு:
ஆறு முதல் எட்டு வாரம் இதையெல்லாம் ஒழுங்காச் செஞ்சும் குறையலைன்னா பெரியாஸ்பத்திரி எலும்புப் பிரிவுல காட்டுங்க. நின்னு ஒண்ணு, உட்கார்ந்து ஒண்ணுன்னு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க முடியுமான்னு கேளுங்க. உட்காரும்போது எலும்பு 25 டிகிரிக்கு மேல மடங்கினா மூட்டு தளர்ந்திருக்குன்னு அர்த்தம். படுத்து எடுத்த படத்துல அது தெரியாது. பிறகு ஸ்டீராய்டு ஊசி பலருக்கு உதவும், அறுவை சிகிச்சை அபூர்வம். வலி இடத்துல வீக்கம், சீழ், காய்ச்சல், ராத்திரி தூங்கவிடாத வலி, காரணமில்லாம எடை குறையறது, இதுல எது வந்தாலும் எட்டு வாரம் காத்திருக்காதீங்க. உட்காரும் இடம் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைச்சாலோ கசிஞ்சாலோ அன்னிக்கே அவசரப் பிரிவு.