கொல்லிமலைக்குத் தினசரி ஏறி இறங்க: பழைய பொலேரோவா, பழைய ஸ்கார்பியோவா?

சோளக்காட்டான்
எல்லோருக்கும் வணக்கம். கொல்லிமலை மேலே சோளக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். காபி, மிளகு, கொஞ்சம் பலா. காளப்பநாயக்கன்பட்டியில் உரம், விதைக் கடை வைத்திருக்கிறேன். காலையில் மலையடிவாரத்துக் காரவள்ளி இறங்கிப் போய்விட்டு சாயங்காலம் ஏற வேண்டும். போக வர ஏறக்குறைய 80 கி.மீ. ஒரு தடவைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. வீட்டுக்குப் போகும் கடைசி 3 கி.மீ. மண் பாதை, ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் வரை சேறு. இதுவரை ஓட்டிய சிறிய கார் அடிவாங்கி அடிவாங்கி ஓய்ந்துவிட்டது.

இரண்டு டீசல் வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2015 பொலேரோ எஸ்.எல்.எக்ஸ்., 1,12,000 கி.மீ. ஓடியது, 5.10 லட்சம் கேட்கிறார்கள். இன்னொன்று 2015 ஸ்கார்பியோ எஸ்4, 2.2 லிட்டர் இஞ்சின், 1,38,000 கி.மீ., 6.40 லட்சம். இரண்டுமே ஒரே ஓனர், இரண்டுமே பின் சக்கர இழுவை மட்டும். எதை எடுக்கலாம்?

கமலாலயம்_ஓட்டுநர்
தம்பி, யோசிக்கவே வேண்டாம், பொலேரோ. இந்த மலையில் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

வளைவின் உள்பக்கம் வரும்போது வேகம் பத்து, பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். இஞ்சின் சுற்று விழும். பொலேரோவின் 195 நியூட்டன் மீட்டர் இழுவை 1400 சுற்றிலேயே முழுசாக வந்துவிடுகிறது. இரண்டாவது கியரிலேயே நிதானமாக ஏறும். ஸ்கார்பியோவுக்கு 280 இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது 1800-க்கு மேல்தான் கிடைக்கும். வளைவில் 1200-க்கு விழுந்தால் வண்டி மூச்சுத் திணறும். முதல் கியர் போட வேண்டும், இல்லை அரை கிளட்சில் இழுக்க வேண்டும். தினமும் 70 வளைவை அரை கிளட்சில் ஏறினால் கிளட்ச் பிளேட் எத்தனை மாதம் தாங்கும்?

அப்புறம் அகலம். பொலேரோ 1,745 மி.மீ., ஸ்கார்பியோ 1,820. நீளத்திலும் ஒரு அடிக்கு மேல் வித்தியாசம். எதிரே பஸ் வரும்போது அந்த ஏழரை சென்டிமீட்டர்தான் ஓரக் கல்லில் உரசாமல் காப்பாற்றும். பொலேரோவின் பானெட் சப்பையாக இருப்பதால் சீட்டில் இருந்தபடியே இரண்டு மூலையும் தெரியும்.

சேர்வராயன்
அண்ணா சொல்வதில் பாதிதான் சரி. நான் ஏற்காட்டில் ஒன்பது வருஷமாக ஸ்கார்பியோ ஓட்டுகிறேன். கூர்மையான வளைவில் முதல் கியர் போடுவதில் என்ன தப்பு? முதல் கியர் அதற்காகத்தானே இருக்கிறது? அரை கிளட்சில் தொங்குவது ஓட்டுபவரின் பழக்கம். என் வண்டியில் முதல் கிளட்ச் செட் ஒரு லட்சம் கி.மீ. தாண்டித்தான் மாற்றினேன், அதுவும் மலை ஓட்டம்தான்.

பொலேரோ 63 குதிரைத்திறன், எடை 1,600 கிலோவுக்கு மேல். டன்னுக்கு 40 கூட வரவில்லை. ஸ்கார்பியோ 120, எடை 1,800 கிலோ வாக்கில். டன்னுக்கு 65-க்கு மேல். ஐந்து பேரும் நான்கு மூட்டையும் ஏற்றி ஏசி போட்டு ஏறிப் பார்த்தால் இந்தக் கணக்கு காலுக்குத் தெரியும். மெதுவாக ஊர்ந்து போகும் சரக்கு வண்டியின் பின்னால் மாட்டினால், கிடைக்கும் கொஞ்ச நேர்ப்பாதையில் தாண்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் பலம் இல்லாத வண்டி ஆபத்து.

உழவன்_ராசிபுரம்
எலக்ட்ரானிக்ஸ் இல்லாத வண்டி எடுங்கள் என்பதுதான் என் கருத்து. பொலேரோ பழைய பம்ப் இஞ்சின். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எந்த மெக்கானிக்கும் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்தே சரி செய்வார்.

டீசல்_பட்டறை
மன்னிக்கணும் சார், இதைத் திருத்தியே ஆகணும். நிறையப் பேர் இப்படி நம்பித்தான் வாங்குகிறார்கள். 2015 பொலேரோவில் இருப்பது எம்2டிஐசிஆர் இஞ்சின். கடைசியில் வரும் சிஆர் என்பதே காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் இருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் முறை. இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு உண்டு, இன்ஜெக்டருக்கு மின்சாரம்தான் கட்டளை கொடுக்கிறது. கலப்பட டீசல் ஊற்றினால் இரண்டு வண்டிக்கும் ஒரே கதிதான். நீங்கள் சொல்லும் பழைய பம்ப் காலத்து பொலேரோ இதற்கு முந்தையது.

ஆனால் நாமக்கல் பக்கம் இருப்பவர் இதற்குப் பயப்பட வேண்டாம். லாரியும் ரிக் வண்டியும் நிறைந்த ஊர், டீசல் பம்ப் வேலை தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஸ்கேனர் இல்லாத பட்டறை இப்போது குறைவு. ஃபியூயல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை நேரத்துக்கு வடித்துவிட்டாலே பாதிப் பிரச்சினை வராது. இரண்டும் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முந்தைய வண்டிகள் என்பதால் புகைக்குழாய் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் தொல்லையும் கிடையாது.

தலைநகர்_வாசி
ஒரு மூன்றாவது வழி இருக்கிறது. டெல்லியில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி இருந்ததால் இதே ஸ்கார்பியோ அங்கே மலிவாகக் கிடைக்கலாம். தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி ஓட்டி வந்துவிடலாமே?

சேர்வராயன்
விலையை மட்டும் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க இங்கே மறுபடி வாழ்நாள் வரி கட்ட வேண்டும், போக்குவரத்துச் செலவு வேறு. எல்லாவற்றையும்விட, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வண்டியை நம் மெக்கானிக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது. சேலத்தில் ஒரு வியாபாரியிடம் என் மைத்துனர் எடுத்த வண்டியில் மீட்டர் 80,000 காட்டியது. பழைய சர்வீஸ் பில்லைத் தேடி எடுத்தபோது இரண்டு வருஷத்துக்கு முன்பே 1,60,000 தாண்டியிருந்தது. பக்கத்து ஊரிலேயே இப்படி நடக்கிறது.

கமலாலயம்_ஓட்டுநர்
டெல்லிப் பேச்சை விடுங்கள். செலவுக் கணக்கு யாரும் போடவில்லையே. தினம் 80 கி.மீ., வருஷம் 300 நாள் என்றால் 24,000 கி.மீ. மலையும் சமவெளியும் கலந்து பொலேரோ எனக்கு 12 தருகிறது. ஸ்கார்பியோ 10 தந்தால் பெரிது. 2,000 லிட்டருக்கும் 2,400 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் 400 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 36,800 ரூபாய் போகிறது. டயரும் பொலேரோவுக்கு 15 இஞ்ச், ஸ்கார்பியோவுக்கு 17. செட் மாற்றும்போது தெரியும். சின்ன ரிம் என்பதால் பக்கச் சுவர் உயரமாக இருக்கும், கல்லில் அடி வாங்காது.

டீசல்_பட்டறை
டீசல் கணக்கு சரி. டயர் விலையும் சரி. பக்கச் சுவர் விஷயம் மட்டும் அப்படி இல்லை அண்ணா. பொலேரோ 215/75, ஸ்கார்பியோ 235/65. முதல் எண் டயர் அகலம் மி.மீ.யில், அதில் எத்தனை சதவீதம் பக்கச் சுவர் உயரம் என்பது அடுத்த எண். கணக்குப் போட்டால் 161 மி.மீ.க்கு 153 மி.மீ. எட்டு மி.மீ.தான் வித்தியாசம்.

சோளக்காட்டான்
இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கிப் பேசுவதற்கு நன்றி. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். அம்மாவுக்குப் போன வருஷம் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. வாரம் இரண்டு நாள் நாமக்கல்லுக்கு பிசியோதெரபி கூட்டிப் போக வேண்டும். மண் பாதையில் ஒரு குழி விழுந்து எழுந்தாலே முகம் சுருங்கிவிடும். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். மிளகு மூட்டை ஏற்றுவது தையிலிருந்து பங்குனி வரைதான். மற்ற மாதங்களில் வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் ஓடும்.

சேர்வராயன்
தம்பி, அப்படியென்றால் பேச்சு முடிந்தது. பொலேரோவின் பின்னால் லீஃப் ஸ்பிரிங். சுமை ஏற்றினால் உட்கார்ந்து ஓடும், காலியாக இருந்தால் உதைக்கும். ஸ்கார்பியோவில் பின்னாலும் காயில் ஸ்பிரிங். வருஷத்தில் ஒன்பது மாதம் காலி வண்டியில் அம்மாவை உட்கார வைத்துப் பொலேரோ ஓட்டுவது நியாயமா?

கமலாலயம்_ஓட்டுநர்
அவசரப்படாதீர்கள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தால் உதை பாதியாகக் குறையும். முன்னால் பொலேரோவுக்கும் காயில்தான். டயர் காற்றை இரண்டு, மூன்று பவுண்டு குறைத்து, பின்னால் இரண்டு மூட்டை மணல் போட்டால் இன்னும் அமைதியாகும், சேற்றில் பின் சக்கரத்துக்குப் பிடிப்பும் கிடைக்கும். ஸ்கார்பியோ உயரமான வண்டி, வளைவுக்கு வளைவு உடம்பு சாயும். 70 வளைவில் தொட்டில் மாதிரி ஆடினால் முதுகுக்கு நல்லதா? வாந்தி வந்தால் என்ன செய்வது? இரண்டு வண்டியிலும் அம்மாவை ஏற்றிப் பாருங்கள். நாங்கள் இங்கே எழுதுவதைவிட அவருக்குத்தான் தெரியும்.

மலைச்சாரல்
பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2016-ல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை மோதவிட்டுச் சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்ஜியம் நட்சத்திரம். 2015 பொலேரோவிலும் ஏர்பேக், ஏபிஎஸ் கிடையாது. எதை வாங்கினாலும் இரும்பு கனமாக இருக்கிறது என்று நம்பி வேகம் கூட்ட வேண்டாம். அம்மா பின் சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போடட்டும்.

டீசல்_பட்டறை
ஓட்டிப் பார்க்கப் போகும்போது இதையும் பாருங்கள். முந்தின நாளே சொல்லிவைத்து, இஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம்; குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, விலகி வந்துவிடுங்கள். வண்டியை ஏற்றி நிறுத்தி, சேஸிஸில் புது வெல்டிங், புதுக் கறுப்புப் பெயின்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மலை வண்டி என்றால் பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் டிரம் மூன்றும் கட்டாயம்.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் கடன் முடிந்ததற்கு வங்கி கொடுத்த ஃபாரம் 35 கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் 2030-ல் 15 வருஷம் முடியும். அப்போது பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், மேலே பசுமை வரி. அதற்குள் விற்பதாக இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

சோளக்காட்டான்
நேற்று இரண்டையும் ஓட்டினேன். ஸ்கார்பியோ சொந்தக்காரர் பெரிய மனசு பண்ணி வீடு வரைக்கும் கொண்டுவரச் சம்மதித்தார். பொலேரோக்காரரும் வந்தார்.

காலையில் பொலேரோ. கமலாலயம் அண்ணா சொன்னது அப்படியே உண்மை. வளைவுகளில் இரண்டாவது கியரை மாற்றவே இல்லை. 34-வது வளைவில் எதிரே பஸ், நான் நிற்காமலே ஒதுங்கிவிட்டேன். அம்மா முன் சீட்டில்தான் இருந்தார். தார் ரோடு வரைக்கும் ஒன்றும் இல்லை. மண் பாதையில் திரும்பியதும் பின்பக்கம் குதித்தது. காற்றைக் குறைத்துப் பார்த்தேன். நம்ம பலா மரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளத்தில் அம்மா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நிறுத்தப்பா" என்றார். வாயே திறக்காதவர் சொன்னார். மறுபடியும் ஒரு தடவை நிறுத்தினோம்.

சாயங்காலம் ஸ்கார்பியோ. இருபது வளைவு வரைக்கும் எனக்கு முதல் கியர் பழகவில்லை, இரண்டு இடத்தில் இஞ்சின் நின்றது. அகலமும் தெரிகிறது, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டியிருந்தது. சாய்வு இருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் குமட்டியது, ஜன்னலைத் திறந்துவிட்டதும் சரியாகிவிட்டது. மண் பாதையில் வேகம் பத்துக்கு மேல் போகவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் ஒரு தடவையும் நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கினவர் கதவைப் பிடிக்காமலே படி ஏறிப் போனார்.

ஸ்கார்பியோவை மெக்கானிக் பார்த்ததில் சேஸிஸ் சுத்தம், ஆயில் மூடியில் புகை இல்லை. முன் லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் போய்விட்டது, டயர் நான்கும் தேய்ந்திருக்கிறது. அதைச் சொல்லி 5.85 லட்சத்துக்கு முடித்தேன். வருஷம் 36,800 ரூபாய் கணக்கு தெரிந்தேதான் எடுக்கிறேன், அண்ணா.

கமலாலயம்_ஓட்டுநர்
அம்மாவுக்காக எடுக்கிறீர்கள் என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. தோட்டத்துக்கு, கடைக்கு என்றால் இப்போதும் பொலேரோதான் என்பேன், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஒரு விஷயம் மட்டும்: ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே காரவள்ளி வந்தால் டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் மிதிக்கும் கால் உள்ளே போய்விடும். இஞ்சின் நின்றது என்றீர்களே, வளைவுக்கு உள்ளே போன பிறகு கியர் மாற்றுகிறீர்கள். வளைவுக்கு ஒரு வண்டி நீளம் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். சனிக்கிழமை நான் சோளக்காடு சந்தைக்கு வருவேன். வண்டியைக் கொண்டு வாருங்கள், ஒரு தடவை சேர்ந்து இறங்கலாம்.

சோளக்காட்டான்
கட்டாயம் வருகிறேன் அண்ணா. புஷ் மாற்றும் வேலை வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். காலை ஏழு மணிக்குச் சந்தை முனையில் நிற்பேன்.