'ஃபியர் மினூட்டன்' படத்தை 17 வயதுப் பெண்ணுக்குக் காட்டலாமா?

வெள்ளைக்கட்டை:
வணக்கம். நான் கீபோர்டு டீச்சர். சனிக்கிழமைகளில் ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே 17 வயதில் ஒருத்தி இருக்கிறாள். சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே கொடுமை, அப்புறம் ஒரு திருட்டு வழக்கு என்று நிறையப் பட்டுவிட்டாள். வாசல் கதவு கண்ணில் படுகிற மாதிரி கீபோர்டைத் திருப்பி வைத்தால்தான் உட்காருவாள். ஆனால் விரல் ஓடும் பாருங்கள், அப்படி ஓடும்.

போன வாரம் கிறிஸ் க்ரௌஸ் எடுத்த ஜெர்மன் படம் 'ஃபியர் மினூட்டன்' பார்த்தேன். 2006-இல் வந்தது. 'நான்கு நிமிடங்கள்' என்று பொருள். பெண்கள் சிறையில் பியானோ கற்றுத்தரும் வயதான க்ரூகர், கொலைக் குற்றத்துக்காக உள்ளே இருக்கும் யென்னி. யென்னியைக் குழந்தை மேதை என்று கொண்டாடியவர் வளர்ப்புத் தந்தை. அவளைச் சீரழித்தவரும் அவரேதான். படம் முழுக்க எனக்கு இந்தப் பெண் ஞாபகம். கூட உட்கார்ந்து பார்த்தால் அவளுக்குத் தெம்பு வருமா, இல்லை ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கீறிவிடுவேனா?

பழையரீல்:
முழுப்படம் வேண்டாங்க. தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். கூட இருந்த கைதி தூக்கில் தொங்குகிறாள், யென்னி அந்த உடம்பிலிருந்து சிகரெட்டை எடுத்துக்கொள்கிறாள். அடுத்து காவலர் ம்யூட்ஸெவை அடித்து நொறுக்குவது. அதையெல்லாம்கூட ஒரு பெண் தாங்கிவிடலாம். அந்த வளர்ப்புத் தந்தை திரும்ப வந்து நிற்கும் இடத்தை எப்படித் தாங்குவாள்? நமக்கு அது கதை, அவளுக்கு அது வீடு. இல்லத்தில் மனநல ஆலோசகர் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள்.

மாலைராகம்:
பழையரீல் சொல்வது சரி. ஆனால் கடைசிக் காட்சியை மட்டும் காட்டலாமே? பெர்லின் ஓபரா அரங்கு, சுற்றிலும் போலீஸ். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் இசையை வாசிப்பாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவள் எழுந்து பியானோவுக்குள் கையை விட்டுக் கம்பிகளை மீட்டுகிறாள், கட்டையைத் தட்டுகிறாள், தரையைக் காலால் உதைக்கிறாள். க்ரூகருக்குப் பிடிக்காத இசை எதுவோ, அத்தனையும் அங்கே இருக்கிறது. முடிந்ததும் க்ரூகர் கற்றுக்கொடுத்த மாதிரியே முழங்காலை மடக்கி ஒரு வணக்கம். அதைப் பணிந்துபோனதாகச் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. வாசித்தது தன் இசை, வணக்கம் மட்டும் டீச்சருக்கு. யென்னியாக வரும் ஹன்னா ஹெர்ட்ஸ்ஸ்ப்ருங் அந்த இடத்தில் நடிக்கிறார் என்றே எனக்கு நினைவில்லை. க்ரூகராக வரும் மோனிகா ப்ளைப்ட்ராய்க்கு 2007-இல் ஜெர்மன் திரைப்பட விருது கிடைத்தது, கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று. இசை எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று அந்தப் பெண்ணிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். இதே இயக்குநர் 2023-இல் '15 யாரெ' என்று தொடர்ச்சி எடுத்தார். 15 வருடம் கழித்து வெளியே வரும் யென்னிக்குள் அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது.

வெள்ளைக்கட்டை:
இருவருக்கும் நன்றி. ஆலோசகரிடம் பேசினேன். முழுப்படம் இப்போது வேண்டாம் என்றார், கடைசிக் காட்சிக்குச் சரி சொன்னார்.

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னை நல்லவளாக மாற்றுவது என் வேலை இல்லை, நன்றாக வாசிக்க வைப்பதுதான் என்கிற தோரணை க்ரூகருக்கு. என்ன கல்நெஞ்சு என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். யென்னியைக் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தவர்தானே அவளைக் கெடுத்தார்? க்ரூகர் கொஞ்சுவதில்லை, பக்கத்தில் வந்து ஒட்டுவதில்லை. அதனால்தான் அவளால் அந்த அறையில் உட்கார முடிகிறது. நான் பாராட்டும்போதெல்லாம் முதுகில் தட்டுவேன். இவள் ஒவ்வொரு முறையும் தோளைக் குறுக்கிக்கொள்வாள், கூச்சம் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக இதைச் செய்திருக்கிறேன். இப்போது மணிக்கட்டைத் திருத்தவேண்டுமானால்கூட என் கையை வைத்துக் காட்டுகிறேன், அவள் பார்த்துச் செய்கிறாள்.

நேற்று செல்போனில் அந்தக் காட்சியைக் காட்டினேன். பியானோவுக்குள் கை விட்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. க்ரூகரின் முகம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இவங்க யாரு மிஸ்?"

"அவளோட டீச்சர்."

"சிரிக்கவே மாட்டாங்களா?"

"ரொம்ப அபூர்வமா."

ம் என்றாள். முதலிலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னாள்.