செத்த மேய்ப்பன் கூரை ஏறுகிறான், கையில் காசில்லை: நார்ஸ் பேய்ப்படத்துக்கு யோசனை தேவை

தீக்கங்கு:

ஐஸ்லாந்துல, கி.பி. 1010 வாக்குல நடக்கிற பேய்ப்படம். நாடு கிறிஸ்தவத்துக்கு மாறி பத்து வருஷம்தான் ஆகியிருக்கு. ஒத்தைப் பண்ணைவீடு, ஆறு பேர், குளிர்காலம். செத்துப்போன மேய்ப்பன் ராத்திரியானா திரும்பி வர்றான். கிரெத்திர் சாகாங்கிற பழைய ஐஸ்லாந்துக் கதையில வர்ற மேய்ப்பன் கிளாமோட கதைதான் அடிப்படை. 75 நிமிஷம், 16 நாள் ஷூட்டிங், கிராஃபிக்ஸுக்கு ஒரு பைசா கிடையாது.

இந்த வகைப் படங்கள்ல முக்கால்வாசி ஒரே குழியில விழுது. தாடிக்காரங்க நாலு பேர் காட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருப்பாங்க, எங்கேயோ கொம்பு ஊதும், கடைசி அஞ்சு நிமிஷத்துல முகத்துல சாம்பல் பூசின ஒருத்தர் வந்து கத்துவார். எனக்குத் தெரிய வேண்டியது மூணு: ட்ரௌகரை (செத்தும் எழுந்து வர்ற பிணத்தை) எப்படிக் காட்டுறது, தீ வெளிச்சத்துல எப்படி எடுக்கிறது, உடை வீடு வகையில எதுக்குக் காசு போடணும், எதுல மிச்சம் பிடிக்கலாம்.

ஊசியிலை:

ட்ரௌகர் ஆவி இல்லை, உடம்பு. இதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதிச் செலவு குறைந்துவிடும். சுவரை ஊடுருவ வேண்டாம், மிதக்க வேண்டாம், மறைய வேண்டாம். எடை இருக்கிறது, கதவை உடைத்துக்கொண்டுதான் உள்ளே வர முடியும்.

சாகாவில் அந்த இரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளிக்கதவு ஏற்கெனவே பிய்ந்து கிடக்கிறது, அந்த இடத்தில் ஒரு படலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கதைநாயகன் கிரெத்திர் கம்பளிப் போர்வையைத் தலைமுதல் கால்வரை சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறான். முதலில் சத்தம் மட்டும்: கூரைமேல் எதுவோ ஏறி உட்கார்ந்து குதிகாலால் உதைக்கிறது, வீட்டு மரமெல்லாம் முனகுகிறது. பிறகு இறங்கி வாசலுக்கு வருகிறது. போர்வையின் ஒரு முனையை இழுக்கிறது, மறுமுனையை இவன் இழுக்கிறான், போர்வை இரண்டாகக் கிழிகிறது. அப்புறம் சண்டை. வாசல்நிலையின் மேற்கட்டை கிளாமின் தோளில் மாட்டி, உறைந்த கூரையோடு பெயர்ந்து, இருவரும் வெளியே விழுகிறார்கள். மேகம் விலகுகிறது, நிலா வெளிச்சத்தில் கிளாமின் கண்கள் தெரிகின்றன. அந்தக் கண்கள் இனி எப்போதும் உன் முன்னால் நிற்கும் என்பதுதான் சாபம். அதன்பிறகு கிரெத்திர் இருட்டில் தனியாக இருக்கவே பயப்படுகிறான்.

அதாவது முகம் தெரிவது ஒரே ஒரு முறை, அதுவும் கடைசியில். அதுவரை கூரை, படல், போர்வை. மூன்றும் மலிவு.

கூரைச் சத்தத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பலகைமேல் பூட்ஸ் கால் நடக்கும் சத்தத்தை ஒட்டிவிடுவார்கள். ஐஸ்லாந்து வீட்டுக்கூரை புல்மண் கட்டிகளால் ஆனது. மேலே ஆள் நடந்தால் 'தட் தட்' என்று கேட்காது. கைமரம் முறுகுவதுதான் கேட்கும், கூடவே மண் உதிரும். பழைய மர ஏணியையோ கட்டிலையோ மெல்ல முறுக்கி, தொடுமைக் (மரத்தோடு ஒட்டி அதிர்வைப் பிடிக்கும் மைக்) வைத்துப் பதிவு செய்யுங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் வீட்டு விட்டம் முனகுவது போலவே இருக்கும். அதன் அடியில் ஈர மணல் மூட்டை தரையில் விழும் சத்தத்தைச் சன்னமாக வையுங்கள். மண் உதிர்வதற்கு மேலே ஒருவர் சல்லடையோடு நின்றால் போதும். காய்ந்த கரிமண்ணை நன்றாகச் சலித்து, ஒரு தடவைக்கு அரைக் கைப்பிடி. அதற்குமேல் போட்டால் நடிகர் கண்ணில் விழுந்து அன்றைய வேலை கெட்டுவிடும்.

பருமன் வேண்டுமா? வாசலைச் சின்னதாக்குங்கள். எய்ர்பிக்யா என்ற இன்னொரு சாகாவில், செத்தும் நடமாடும் தோரோல்ஃபின் பிணம் எருது அளவு வீங்கி, ஹெல் (சாவுலகம்) போலக் கறுநீலமாக இருந்ததாக வருகிறது. 1.5 மீட்டர் உயர வாசல் வைத்தால் 1.85 மீட்டர் நடிகர் குனிந்து நுழையும்போது அந்த வாசலே அவரை எருதாக்கிவிடும். கம்பளிச் சட்டைக்குள் தோளுக்கும் வயிற்றுக்கும் மட்டும் திணிப்பு. கைக்குத் திணிக்காதீர்கள், மல்லுக்கட்ட முடியாது.

கண்ணுக்கு முழுக் கறுப்பு லென்ஸ் வேண்டாம். 22 மில்லிமீட்டர் லென்ஸைக் கண் மருத்துவ நிபுணர் அளவெடுத்துத்தான் போட வேண்டும், புகை நிறைந்த வீட்டில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. கேமரா லென்ஸை ஒட்டி ஒரு குட்டி எல்இடியை வைத்து, நிலா வரும் நொடியில் மட்டும் ஏற்றுங்கள். விழியில் ஒரு புள்ளி மின்னும், அது போதும்.

ஒரு எச்சரிக்கை. வட நார்வே மீனவர் கதைகளில் வரும் ட்ரௌக் (பாதிப் படகில் வருபவன், தலை இருக்கவேண்டிய இடத்தில் கடற்பாசி), மாட்டுவால் உள்ள காட்டுப்பெண் ஹுல்ட்ரா, இவை நமக்கு எழுத்தில் கிடைப்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளிலிருந்து. 1010இல் நடக்கும் கதையில் இவற்றையும் சேர்த்தால் சாம்பாரில் பாயசம் ஊற்றியது போல ஆகிவிடும்.

விளக்குத்திரி:

வெளிச்சம் பத்தி. முதல்ல மேக்கப்போட சேர்த்து யோசிங்க, தனித்தனியா யோசிச்சா ரெண்டு தடவை காசு போகும்.

தீ வெளிச்சம் கிட்டத்தட்ட 1900 கெல்வின் (வெளிச்சத்தோட நிற அளவு, எண் குறைஞ்சா ஆரஞ்சு, கூடினா நீலம்). அதுல நீலமே இல்லன்னு சொல்லலாம். அதனால கறுநீலம் பூசின தோல் அடுப்புப் பக்கத்துல வெறும் கறுப்பா, உருவம் தெரியாம நிக்கும். அதே ஆளை வெளியே 5600 கெல்வின் விளக்குல நிறுத்தி, கேமராவோட நிற அமைப்பை 4000ல வச்சா பளிச்சுன்னு நீலமாயிடுவார். ஊசியிலை சொன்ன அந்த நிலாக் காட்சிக்கு மேக்கப் மாத்தவே வேண்டாம், விளக்கு மாறினா போதும். ரத்தத்துக்கு இது தலைகீழ். ஆரஞ்சு வெளிச்சத்துல சிவப்பு வெளிறிப்போய் தக்காளி சாஸ் மாதிரி ஆகும். ஒரு லிட்டர் பாகுக்கு ரெண்டு ஸ்பூன் கோகோ, சில சொட்டு நீலம் சேர்த்து, அதே அடுப்பு வெளிச்சத்துல பார்த்துட்டு மேல கூட்டுங்க. அஞ்சு டிகிரிக்குக் கீழ பாகு கெட்டியாயிடும், பாட்டிலைச் சுடுதண்ணி வாளியில போட்டு வைங்க.

மேக்கப் தண்ணியில கரைக்கிற வகைன்னா மல்லுக்கட்டும்போது வேர்வையில வழிஞ்சிடும். ஆல்கஹால்ல கரைக்கிற வகை நிக்கும். ஆனா ஈரமா இருக்கும்போது தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கிற வீட்டுக்குள்ள பூசவே கூடாது.

அந்தக் கால வீட்டுல அடுப்பு நடுத்தரையில நீளமா இருக்கும். வெளிச்சம் கீழேயிருந்து வரணும். எல்இடியை ஸ்டாண்டுல ஏத்தினீங்கன்னா அப்பவே பொய். தரையிலேர்ந்து 30-40 செ.மீ. உயரத்துல மூணு விளக்கு, ஒவ்வொண்ணும் வேற வேற வேகத்துல துடிக்கணும். மூணும் சேர்ந்து துடிச்சா கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி இருக்கும். ஜன்னல் கண்ணாடி கிடையாது, வெள்ளை மெழுகுவத்தி வரிசை வேண்டவே வேண்டாம். புகைபோக்கி ஓட்டை ஒண்ணு, மாவுக்கல் கிண்ணத்துல எண்ணெய் விளக்கு ஒண்ணு, அவ்வளவுதான்.

கேமரா: பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே இருந்தா ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணர்ற அளவு) 3200ல வைங்க, அதோட ரெண்டாவது அடிப்படை அளவு அதுதான். சோனி எஃப்எக்ஸ்3ல 12,800 வரைக்கும் தைரியமாப் போகலாம். லென்ஸ் டி1.5ல (டி எண் சின்னதானா வெளிச்சம் அதிகம், ஃபோகஸ் ஆழம் கம்மி) திறந்து வைக்க ஆசையா இருக்கும். பேச்சுக் காட்சிக்குச் சரி. சண்டைக்கு வேண்டாம், ஃபோகஸ் ஒரு ஷாட்கூட நிக்காது. 25 மி.மீ., டி2.8, விளக்கைக் கிட்டத்தட்ட ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஏத்துங்க.

மாசம் முக்கியம். ஜூன்ல ஐஸ்லாந்துல ராத்திரியே இருட்டாது, டிசம்பர்ல பகல் சுமார் 4 மணி நேரம்தான். செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம்னா பாதிக்குப் பாதி. 75 நிமிஷத்துக்குத் திரைக்கதை சுமார் 75 பக்கம், அதை 16 நாள்னா நாளுக்கு கிட்டத்தட்ட 4.7 பக்கம், ராத்திரி வெளிப்புறத்துல அந்த வேகம் வரவே வராது. வெளியே நடக்கிற ராத்திரியை மூணு நாளுக்குள்ள அடக்குங்க. மீதியைப் பகல்ல எடுத்து ராத்திரி ஆக்கலாம்: ரெண்டு ஸ்டாப் குறைச்சு, சூரியன் ஆளுக்குப் பின்னால, வானம் ஃபிரேமுக்குள்ள வரவே கூடாது.

குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும், கோட்டுக்குள்ள உடம்போட ஒட்டி வைங்க. வெளியேர்ந்து சூடான வீட்டுக்குள்ள போகும்போது கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில கட்டிட்டு உள்ள கொண்டுபோங்க. இல்லன்னா கண்ணாடியெல்லாம் பனிச்சு ஒரு மணி நேரம் போச்சு.

இன்னொண்ணு, காசே ஆகாத விஷயம். குளிர்ல பேசினா வாயிலேர்ந்து ஆவி வரும். உயிரோட இருக்கிறவங்களுக்கு வரட்டும், கிளாமுக்கு வரக்கூடாது. ஷாட்டுக்கு முன்னாடி நடிகர் வாயில ஐஸ்கட்டி வச்சிருந்து துப்பிட்டு நடிச்சா ரெண்டு மூணு மூச்சுக்கு ஆவி தெரியாது. பார்க்கிறவருக்கு என்னன்னு புரியாது, ஆனா ஏதோ சரியில்லைன்னு தோணும்.

நூல்கண்டு:

உடைக்கு ஒரே விதி: கம்பளியும் லினன் துணியும். பாலியெஸ்டர் கலந்தது தீ வெளிச்சத்தில் பளபளக்கும், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

வாளுக்குக் காசு போடாதீர்கள். பண்ணையாட்களிடம் கோடரி, ஈட்டி, இடுப்புக் கத்தி இருந்தால் போதும், வாள் வசதிக்காரன் சொத்து. தலைக்கவசமும் வேண்டாம். முழுசாக ஒட்டிவைக்கும் அளவுக்குக் கிடைத்ததே 1943இல் நார்வேயின் யெர்முண்ட்புவில் எடுத்தது போன்ற மிகச் சிலதான். கொம்பு வைத்தது 1876இல் ஜெர்மனியின் பைராய்த் இசைநாடக மேடைக்காக உடை வடிவமைப்பாளர் டோப்ளர் வரைந்த உடைகள் பரப்பியது. தோல் கைப்பட்டை, ஆணி அடித்த தோல் மார்புக்கச்சை எல்லாம் கடைக்காரர் கற்பனை.

ஒரு ஆண் மேலங்கிக்கு 150 செ.மீ. அகலத் துணி சுமார் 3 மீட்டர். கால்சுற்றுப் பட்டை 7 முதல் 10 செ.மீ. அகலம், காலுக்கு 3-4 மீட்டர். பொத்தான் வேண்டாம், கழுத்தில் ஊசி போதும். பெண்களுக்கு மார்பின் இரு பக்கமும் முட்டைவடிவ ஊசிகள், ஜோடியாக. நனைந்த கம்பளி அங்கே ஒரு ராத்திரியில் காயாது, ஆளுக்கு இரண்டு செட் இல்லாமல் போகாதீர்கள். கிழியப்போகும் அந்தப் போர்வைக்கு மட்டும் நான்கு பிரதி. நடுவில் முன்கூட்டியே வெட்டி, இற்றுப்போன நூலால் 4 செ.மீ. இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டு வையுங்கள். நல்ல கம்பளியை இரண்டு ஆள் இழுத்துக் கிழிக்கவே முடியாது, நடிகர்கள்தான் தோள் பிசகிக் கிடப்பார்கள்.

ரூன் (பழைய நார்ஸ் மக்கள் செதுக்கிய எழுத்து) வைத்தால் 16 எழுத்து வரிசையை வையுங்கள். 24 எழுத்து வரிசை வைகிங் காலத்துக்கு முன்பே வழக்கொழிந்தது. வைகிங் திசைகாட்டி என்று பலர் பச்சை குத்திக்கொள்ளும் அந்த வெக்விசிர் சக்கரம் 1860இல் எழுதிய கைப்பிரதியில் இருப்பது. அதை ஒரு ஷாட்டில் காட்டினாலும் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

வீடு கட்டாதீர்கள். ஐஸ்லாந்தின் த்யோர்சார்தாலூரில் ஸ்தோங் பண்ணையை மாதிரியாக வைத்து 1970களில் கட்டிய வீடு இருக்கிறது, ஹௌகாதாலூரில் எய்ரிக்ஸ்ததிர் இருக்கிறது. சுற்றுலாக் காலம் முடிந்ததும் கேளுங்கள். நிஜத் தீ மூட்டலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நார்வேயின் லோஃபோதனில் உள்ள 83 மீட்டர் மாளிகை அழகுதான், ஆனால் அது தலைவன் வீடு. ஆறு பேரை அதில் உட்கார வைத்தால் கல்யாண மண்டபத்தில் குடித்தனம் நடத்துவது போல இருக்கும். பெயரும் கதவைத் தனியாகச் செய்து, வாசலுக்கு முன்னால் ஒரு பொய்நிலை நிறுத்துங்கள். அருங்காட்சியக மரத்தில் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார்கள்.

சாம்பல்:

எதிர்க்கருத்து. வைகிங் காலமே எதற்கு? 17ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக்கு நகர்த்துங்கள். 1625இல் யோன் ரோக்ன்வால்ட்ஸன் என்பவரை எரித்தார்கள், பிணத்தை எழுப்பி ஏவினார் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த நூற்றாண்டில் அங்கே சூனியத்துக்காக எரிக்கப்பட்டவர்களில் ஒரே ஒருவர்தான் பெண், மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். இதைத் தொட்ட படங்கள் குறைவு. பின்னல் கம்பளி, ஒரு பாதிரி, ஒரு மந்திர ஏடு. ஒரு ஈட்டிகூடத் தேவையில்லை.

தீக்கங்கு:

சாம்பல், ஆசை காட்டாதீங்க, திரைக்கதை முடிஞ்சிருச்சு. மத்தவங்களுக்கு: கடைசியில எரிக்கிற காட்சி சாகாவுல இருக்கிற மாதிரியேதான், தலையை வெட்டி, தொடைப்பக்கம் வச்சு, சாம்பலாகிற வரைக்கும் எரிக்கிறது. அதுக்கு முன்னாடி கிளாம் கிடக்கிற கற்குவியல் குழியில தரையோட படியிற மூடுபனி வேணும். உலர்பனி (ட்ரை ஐஸ்) போடலாமா?

விளக்குத்திரி:

குழியில ஆள் படுத்திருந்தா உலர்பனி கூடவே கூடாது. ஒரு கிலோ உலர்பனி அரை கனமீட்டருக்கு மேல கரியமில வாயுவா மாறும். அது காத்தைவிட கனம், நேரா குழிக்குள்ளதான் இறங்கி நிக்கும். ரெண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழக் குழியோட கொள்ளளவே ஒரு கனமீட்டர். ரெண்டு கிலோ போட்டா என்ன ஆகும்னு பாருங்க. நடிகர் பிணமா நடிக்கிறவர், அசையாமதான் கிடப்பார். மயங்கினாலும் ஒருத்தருக்கும் தெரியாது.

சாதாரணப் புகைமெஷினை எடுத்து, வாய்க்கு முன்னாடி ஒரு குளிர்பெட்டி, உள்ள ஐஸ்கட்டி மேல வலை. புகையை அது வழியா விட்டா குளிர்ந்து தரையோட ஓடும். காத்து மணிக்கு பத்து கிலோமீட்டரைத் தாண்டினா எதுவும் நிக்காது, அதனால விடியக்காலையில எடுங்க. குழியைச் சுத்தி காத்து வர்ற பக்கம் கல்லு அடுக்கி முழங்கால் உயரத்துக்கு மறைப்பு கட்டுங்க. கற்குவியல்தானே, ஃபிரேம்ல தெரிஞ்சாலும் பரவாயில்ல.

ஊசியிலை:

எரிக்கும் காட்சியில் நடிகர் வேண்டாம், தலையும் வேண்டாம். நனைந்த கம்பளி மூட்டை, சுற்றிலும் கடலோரம் ஒதுங்கிய மரக்கட்டை. ஈரக் கம்பளி லேசில் பற்றாது. கருகிக் கருகிப் புகையும், முடி கருகும் நாற்றம் அடிக்கும், சுற்றி நிற்கும் நடிகர்கள் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேமராவை மூட்டைமேல் வைக்காமல் அந்த முகங்கள்மேல் வையுங்கள்.