உப்புக்காற்றில் ஒற்றை இருக்கை மோட்டார் கிளைடர் (சறுக்கிப் பறக்கும், சிறு என்ஜின் வைத்த விமானம்): எங்கே அடிவாங்கும்?

(கடற்கரையில் இதைச் செய்து வைத்துக்கொள்வது பற்றிய பேச்சு. பேசுகிறவர்களை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறது.)

மண்டபம்:
ஆளோடு 220 கிலோ, இறக்கைப் பரப்பு 10 சதுர மீட்டர், தூக்குவிசைக் குணகம் (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதற்கான எண்) 1.4 என்று போட்டால், நம்ம வெப்பக் காற்றில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை எடையைத் தாங்கும் குறைந்தபட்ச வேகம், மணிக்கு 59 கி.மீ. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய 2022 வரை, காற்று 58-ஐத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வந்தார்கள். அந்தக் காற்றில் நிறுத்தி வைத்த கிளைடர் தானா எழும்பப் பார்க்கும். மணலில் முளைக்குச்சி நிற்காது. முழங்கால் ஆழம் தோண்டி, மூணடிப் பனந்துண்டில் கயிறு கட்டிப் படுக்கையாகப் புதைக்கணும். வாலுக்கு முட்டுக் கொடுத்து உயர்த்தினால் இறக்கை காற்றைப் பிடிப்பது குறையும்.

என்ஜின்? சறுக்கு விகிதம் 30 (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 30 மீட்டர் முன்னே போகும்), வேகம் மணிக்கு 80 கி.மீ. என்றால் மட்டமாகப் பறக்க 3 கிலோவாட்டுக்குள்தான். நொடிக்கு 2 மீட்டர் ஏற 10 கிலோவாட். என்ஜினைத் தாங்கும் கம்பம் வெளியே நீட்டினால் காற்றின் எதிர்ப்பு கூடும், அதனால் 15 வைக்கலாம். அதற்கு மேல் வெறும் பாரம்.

தொண்டி:
கார்பன் ஸ்பாரில் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும், கார்பன் இழையால் ஆன முதுகுத்தண்டு) அலுமினியப் பட்டையை நேரடியா போல்ட் போடாதீங்க. உப்பு ஈரம் பட்டதும் ரெண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி ஆகிடும். கார்பன் அப்படியே இருக்கும், அலுமினியம் கரையும். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி, பெயிண்டில் கொப்புளம் தெரிந்தால் கழற்றிப் பாருங்க. நடுவில் ஒரு அடுக்கு கண்ணாடித்துணி, துளைக்குள் கண்ணாடி இழை புஷ் (சிறு உறைக்குழாய்) வைத்து, ஈரம் புகாமல் அடைக்கும் சீலண்ட் பூசி, அது காயுமுன் இறுக்கணும். 316 ஸ்டெயின்லெஸ் துரு பிடிப்பது குறைவுதான், ஆனா ஸ்பாரைப் பூட்டும் பின்னுக்கு அதன் பலம் பத்தாது.

கீழக்கரை:
படகுப் பட்டறை ரெசினும் மேட்டும் (நறுக்கிய கண்ணாடி இழையைப் பசையால் ஒட்டிய விரிப்பு) இங்கே மலிவா கிடைக்குதே, போதாதா அண்ணே?

தொண்டி:
போதாது தம்பி. அது பாலியெஸ்டர். அதிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் இறக்கைக்குள் வைக்கும் தெர்மோகோலைக் கரைச்சுடும், உள்ளே பள்ளம் விழும். எபாக்ஸி வாங்கி அதே மேட்டில் ஊத்தினாலும் சரிவராது. மேட்டின் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது, எபாக்ஸியில் கரையாம விறைப்பாவே நிற்கும். நெய்த துணி வாங்குங்க.

எபாக்ஸியை அறை வெப்பத்தில் இறுகவிட்டு அப்படியே வெயிலில் வைக்கக் கூடாது. தகரக் கூண்டுக்குள் ஹீட்டர் வைத்து 55 டிகிரியில் 15 மணி நேரம், ரெசின் தாளில் சொன்னபடி. மேலே வெள்ளைப் பெயிண்ட் மட்டும். கரும்பட்டை அழகுக்குக்கூட வேண்டாம், சித்திரை வெயிலில் அந்த இடம் இளகும்.

மண்டபம்:
பெட்ரோலையும் சொல்லுங்க. எத்தனால் கலந்தது ஈரத்தை இழுக்கும். டேங்கை அரைகுறையா விட்டா தண்ணீர் அடியில் தங்கிடும். டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயில் வடிச்சுப் பார்த்துட்டுத்தான் ஸ்டார்ட்.