ஆறு மணி நேரம்தான் என்றார்கள்; விட்டது மறுநாள் காலை 10.40-க்கு

போன குளிர்காலத்தில், அயர்லாந்தில், டப்ளினில் நடந்தது. ரெஸ்டாரண்ட் வேலை முடிந்து எலக்ட்ரிக் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மூன்று வாரம் முன்பு தெருவில் ஒருத்தரிடம் 300 யூரோவுக்கு வாங்கியது. பில் எல்லாம் கிடையாது. கார்டா இரண்டு பேர் (இங்கே போலீசுக்கு அதுதான் பெயர்) நிறுத்தி, சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, அடியில் இருந்த நம்பரை டார்ச் அடித்துப் படித்தார்கள். வயர்லெஸ்ஸில் கேட்டதில் அது திருட்டு சைக்கிள். திருட்டுப் பொருள் வாங்கிய சந்தேகத்தில் கைது என்று சொன்னபோது மணி இரவு 9.

ஸ்டேஷனில் பெல்ட், ஷூ லேஸ், போன் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போயின. அங்கே ‘மெம்பர் இன் சார்ஜ்’ என்று ஒருவர் இருப்பார். விசாரிப்பவர் வேறு, இவர் வேறு. நமக்கு டீ கொடுத்தது முதல் டாக்டர் வேண்டுமா என்று கேட்டது வரை மணி போட்டு எழுதி வைப்பது இவர் வேலை. உரிமைகள் அச்சடித்த தாளைக் கொடுத்து, சொலிசிட்டர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். வக்கீலைக் கேட்டால் குற்றவாளி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம், வேறென்ன! அவர் மறுபடி ஒருமுறை கேட்டபோது சரி என்றேன், தப்பித்தேன். நாம் வக்கீல் வேண்டும் என்று கேட்டுவிட்டால், அவரிடம் பேசும் வரை விசாரணையைத் தொடங்கக் கூடாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறதாம். எனக்காக வந்த சொலிசிட்டர் அம்மா சொன்னதே அதுதான்.

என் கேஸ் 1984-ம் வருடச் சட்டத்தின் 4-வது பிரிவு. குற்றச்சாட்டு பதியாமல் 6 மணி நேரம் வைத்திருக்கலாம். சூப்பரின்டென்டன்ட் கையெழுத்திட்டால் இன்னும் 6, சீஃப் சூப்பரின்டென்டன்ட் சொன்னால் மேலும் 12. மொத்தம் 24. நானோ விடியற்காலை 3 மணிக்கு விட்டுவிடுவார்கள் என்று மனக்கணக்கு போட்டிருந்தேன். நள்ளிரவு 12 மணி ஆனதும் ஒரு தாளை நீட்டினார்கள். காலை 8 வரை விசாரணை இல்லை, தூங்கலாம், சம்மதமா? போட்டேன் கையெழுத்து. அந்த 8 மணி நேரம் கணக்கில் சேராது என்று சொல்லத்தான் செய்தார்கள். அசதியில் மண்டையில் ஏறவில்லை. ரப்பர் மெத்தை, அணையாத லைட். யார் தூங்கினார்கள்?

காலையில் வீடியோ கேமரா முன்னால் முக்கால் மணி நேரம் கேள்வி. 10.40-க்கு வெளியே விட்டார்கள். ஃபைல் டிபிபி-க்குப் போகும் என்றார்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அலுவலகம் அது. நாலு மாதம் கழித்து, வழக்கு இல்லை என்று போன் வந்தது. சைக்கிளும் போச்சு, 300 யூரோவும் போச்சு.

கார்க் நகரிலிருந்து ஒரு பதில்:
அண்ணா, என்னைக் கைது கூட செய்யவில்லை. வீட்டில் கூட இருந்த பையன் விஷயமாக, "ஸ்டேஷன் வரை வந்து பேச முடியுமா" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். போனேன். இரண்டு மணி நேரம் கழித்து பயந்து பயந்து, "நான் போகலாமா?" என்றேன். "தாராளமா" என்றார்கள்! கைது இல்லையென்றால் எழுந்து போகலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் சந்தேகத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அந்த இடத்திலேயே கைது செய்யவும் அவர்களால் முடியும்.

மொழிபெயர்க்கப் போகிறவள்:
ஸ்டேஷன்களில் தமிழுக்கு மொழிபெயர்க்கப் போவேன். கேஸ் விவரம் சொல்ல மாட்டேன். 24 மணி நேரம்தான் உச்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போதைப்பொருள் கடத்தல் என்றால் 1996-ம் வருடச் சட்டப்படி 7 நாள் வரை போகும். ஐஆர்ஏ என்ற ஆயுதக் குழுவின் காலத்து 1939 சட்டத்தின் 30-வது பிரிவில் 72 மணி நேரம். துப்பாக்கி கேஸ்களுக்கு இன்றும் அதை எடுக்கிறார்கள். இரண்டிலும் 48 மணி நேரம் தாண்ட வேண்டுமென்றால் ஜட்ஜ் முன்னால் நிறுத்த வேண்டும்.

நான் பார்த்த வரை நம் ஆட்கள் சறுக்கும் இடம் வேறு. "நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை" என்று மொழிபெயர்ப்பேன். தலையாட்டுவார்கள். அடுத்த கேள்விக்கே கடகடவென்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒருத்தர் என்னிடமே திரும்பி, "பெரியவர் கேட்கிறார், பேசாமல் இருந்தால் நல்லாவா இருக்கும்?" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன், என் வேலை அது.

கால்வேயிலிருந்து:
சைக்கிள் அண்ணா, அதே கேஸுக்கு மறுபடி பிடித்து வைப்பார்களா?

முதலில் எழுதியவர்:
நானும் இதைத்தான் சொலிசிட்டரிடம் கேட்டேன். குற்றச்சாட்டு பதியாமல் விட்ட பிறகு, அதே விஷயத்துக்குத் திரும்ப விசாரிக்கப் பிடிக்க ஜட்ஜிடம் வாரன்ட் வாங்க வேண்டும், அதற்குப் புதுத் தகவலும் வேண்டும் என்றார். நேராகக் குற்றச்சாட்டு பதியக் கூப்பிட்டால் அது வேறு கணக்கு. அந்த நாலு மாதமும் காலிங் பெல் அடித்தால் முதலில் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பேன்.