வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்: மனநலப் பிரிவின் ‘ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்ட்’

சுகந்தி, இலண்டன்:

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள மனநலச் சேவை ஒன்றுக்குத் தமிழில் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் ஈழத்திலிருந்து வந்த பெற்றோர். நோயாளி அன்றாடச் செயல்களை மீண்டும் பழக உடனிருக்கும் ஊழியரை இங்கே ‘ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்ட்’ என்பார்கள். பழைய பிரசுரத்தில் அதற்குத் ‘தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர்’ என்றிருக்கிறது. அதைப் படித்த ஒரு தந்தை, மகனை வேலைக்கு அனுப்பிவிட்டு உதவித்தொகையை நிறுத்தப்போகிறார்கள் என்று பயந்து, வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். வந்தவரோ மகனோடு கடைக்குப் போய்ப் பாலும் முட்டையும் வாங்கிவர வந்தவர். ‘தொழில்’ இல்லாமல் ஒரு சொல் தாருங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

செங்குட்டுவன், மதுரை:

தங்கைக்கு வணக்கம். தொழில் என்ன பாவம் செய்தது? உண்ணல், உறங்கல் எல்லாமே இலக்கணத்தில் தொழிற்பெயர்தானே? சம்பளம் வாங்கிக்கொண்டா உறங்குகிறோம்? சொல்லைத் தொழிற்சாலைக்குள் அடைத்தவர்கள் நாம். அது வேண்டாம் என்றால் ‘வினை’ இருக்கிறது. வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரம் வைத்தார். சிகிச்சை என்ற வடசொல்லும் வேண்டாம், பண்டுவம் என்போம். வினைப்பண்டுவத் துணைவர். முடிந்தது.

பூபாலன், யாழ்ப்பாணம்:

முடியவில்லை ஐயா. மனநோயை முன்வினைப் பயன் என்று நம்புகிற வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. அங்கே போய் ‘வினைப்பண்டுவம்’ என்றால் கோயிலுக்கு நேர்த்தி வைக்கக் கிளம்பிவிடுவார்கள். பண்டுவம் அச்சிலே அழகு. ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரிந்தவை வைத்தியர், தாதி, சிகிச்சை. ‘செயற்சிகிச்சையாளர்’ என்று சுருக்கமாக வைத்துவிடலாமே?

சுகந்தி:

அண்ணா, அதில் ஒரு சட்டச் சிக்கல். பிரிட்டனில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பது பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய பட்டம். அசிஸ்டென்டுக்கு அந்தப் பதிவு கிடையாது. இருவரையும் ஒரே சொல்லால் அழைக்க என்னை விடமாட்டார்கள்.

நிர்மலா, வேலூர்:

இத்துறையைப் பல காலம் கற்பித்தவள் என்ற உரிமையில் நுழைகிறேன். மனநலம்தான் இதற்குத் தாய்வீடு. அடால்ஃப் மேயர் 1922இல் இதன் தத்துவத்தை எழுதியபோது மனநல மருத்துவராகத்தான் எழுதினார். 1930இல் பிரிஸ்டலில் பிரிட்டனின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய எலிசபெத் காசனும் மனநல மருத்துவர்தான். அவர்கள் சொன்ன ஆக்குபேஷன் பிழைப்பு அல்ல. பல் துலக்குவது முதல் பஸ் ஏறுவது வரை ஒருவருடைய நாளை நிரப்பும் அத்தனையும்.

உதவியாளரின் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல் தேடுங்கள். நோயாளியை மதிப்பிட்டுத் திட்டம் வகுப்பவர் தெரபிஸ்ட். அதை நாள்தோறும் உடனிருந்து நடத்துபவர் உதவியாளர். தேநீர் போடும் பயிற்சி என்று வையுங்கள். தண்ணீர் கொதித்துவிட்டது. மனச்சிதைவு நோயுள்ளவர் கெட்டிலைப் பார்த்தபடி நிற்கிறார். எப்படிச் செய்வது என்பது தெரியும், தொடங்க முடியவில்லை. உதவியாளர் தானே ஊற்றிவிட்டால் அன்றைய பயிற்சி வீண். கோப்பையை மட்டும் சற்று அருகில் நகர்த்திவிட்டுக் காத்திருப்பார். கை அசைந்தால், ‘வாய்மொழி தேவைப்படவில்லை, சைகை போதுமானது’ என்று எழுதிவைப்பார். தையல் வகுப்பு என்றால், முடிந்ததும் ஊசியையும் கத்தரியையும் எண்ணிப் பூட்டாமல் ஒருவரையும் வெளியே விடமாட்டார். நம் ஊர் மருத்துவமனையில் ‘உதவியாளர்’ என்றால் தள்ளுவண்டி தள்ளுபவர் என்றுதான் கொள்வார்கள். அதுவும் கௌரவமான வேலைதான், ஆனால் வேறு வேலை.

என் பரிந்துரை: செயல்வழிச் சிகிச்சைத் துணையாளர்.

செங்குட்டுவன்:

அம்மா சொன்ன ஆளை வள்ளுவர் 950ஆம் குறளிலேயே காட்டிவிட்டார்! உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நான்காமவர் யார்? நோயாளியின் பக்கத்திலேயே இருப்பவர். உழை என்றால் பக்கம். கோப்பையை நகர்த்துகிறவர் அவரேதான். ‘செயல்வழி உழையர்’ என்று வையுங்கள். துணையாளர் என்ற வெளிறிய சொல் எதற்கு?

கதிர், சிங்கப்பூர்:

உழையரைப் பார்த்ததும் உழைப்பாளி என்றுதான் படித்தேன். சுகந்தியின் தந்தையும் அப்படித்தான் படிப்பார். மறுபடி உதவித்தொகைப் பயம். ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டால் என்ன? மருத்துவமனைக் கடிதத்திலும் அந்த ஊழியரின் அட்டையிலும் அதுதானே இருக்கிறது? வரவேற்பு மேசையில் அந்த அம்மா அதைத்தான் சொல்லிக் கேட்க வேண்டும். நீளமாக இருந்தால் ‘ஓ.டி.’ போதும்.

நிர்மலா:

ஓ.டி. மட்டும் வேண்டாம் தம்பி. தமிழ்நாட்டில் அது ஆபரேஷன் தியேட்டர். ‘பையனை ஓ.டி.க்கு அனுப்புகிறோம்’ என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கிய தாய்மாரை என் மாணவிகள் தேற்றியிருக்கிறார்கள்.

பூபாலன்:

தொழிற்சாலைக்காரருக்கோ ஓ.டி. என்றால் மிகைநேரச் சம்பளம். திரும்பவும் தொழில்!

சுகந்தி:

நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும், ஆகவே இப்படி வைக்கிறேன்: ‘செயல்வழிச் சிகிச்சைத் துணையாளர்’. முதல் இடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே வரும். அதன் கீழே ஒரு வரி: ‘குளிப்பது, சமைப்பது, கடைக்குப் போவது போன்ற அன்றாடச் செயல்களை மீண்டும் பழக உடனிருப்பவர், உங்கள் உதவித்தொகையைத் தீர்மானிப்பவர் அல்லர்.’ என்னைக் கேட்டால் அந்தத் தந்தைக்குக் கதவைத் திறக்க வைக்கப்போவது இந்த வரிதான்.

பூபாலன்:

வரி நன்று. துணையாளர்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இங்கே சிலர் வாழ்க்கைத்துணை என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு சொல் என்னிடம் இல்லாததால் தடுக்கவில்லை, உடன்பட்டதாகவும் எழுதவேண்டாம்.

கதிர்:

எனக்குச் சரி. இழை நீண்டுவிட்டது.

செங்குட்டுவன்:

அச்சுக்குப் போனது போகட்டும். உழை என்பதற்கு மான் என்றும் பொருள் உண்டு; ஏழிசையில் நான்காம் சுரமும் உழைதான். குரல், துத்தம், கைக்கிளைக்கு அடுத்து வருவது. பக்கம் என்ற பொருளுக்கும் இதற்கும் வேர் ஒன்றா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.