புதுப்பிப்பு: சந்தை சரிகிறது, எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தேன்

எட்டு மாதத்துக்கு முன் கேட்ட கேள்வி இது. வேலை நிலைக்குமா என்ற பயம், பங்கு நிதிகள் (பலரின் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் நிதிகள்) 20 சதவீதம் இறக்கம். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விற்கவில்லை. "முதலில் ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வை, அப்புறம் யோசி" என்றவரின் யோசனைதான் கைகொடுத்தது. முதிர்ந்த வைப்புத்தொகை ஒன்றை அப்படியே அதற்கு ஒதுக்கினேன். அன்றிரவே தூக்கம் வந்தது, உண்மையாகச் சொல்கிறேன்.

அடுத்தது விகிதம். பங்கு நிதி 60 சதவீதம், கடன் பத்திர நிதி 40 சதவீதம் என்று வைத்திருந்தேன். சரிவில் பங்கு ஏறத்தாழ 54 ஆகியிருந்தது. கடன் பத்திர நிதியை விற்று மாற்றினால் வரியும், வெளியேறும் கட்டணமும் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் பணத்தை எடுத்தால் நிதி பிடித்துக்கொள்ளும் தொகை) வரும் என்று ஒருவர் எச்சரித்தார். அதனால் மாதாமாதம் போடும் பணம் முழுவதையும் பங்குப் பக்கம் திருப்பினேன். மெதுவாகத்தான் ஏறுகிறது, இப்போது 58.

எதிர்பாராதது ஒன்று. என்னிடம் நான்கு பங்கு நிதிகள் இருந்தன, பரவலாக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். மாத அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தால், இரண்டு நிதிகளின் முதல் பத்துப் பங்குகளில் ஏழு இரண்டிலும் ஒன்றே! பெயர்தான் வேறு. அதில் ஒன்றுக்குத் தவணையை நிறுத்திவிட்டேன்; பழைய யூனிட்டுகளை ஓராண்டு முடிந்து வெளியேறும் கட்டணம் நீங்கிய பிறகு எடுப்பேன்.

தங்கம் வாங்கச் சொன்ன யோசனையை நான் முயலவில்லை.